குற்றாலத்தில் சீசன்... அச்சன்புதூரில் கூரை வேலை!

பண்பொழி திருமலைக்கோயில் மலை மேல் நின்று பார்த்தால், பச்சை வயலும் தென்னந்தோப்பும் குளங்களுமாக அடிவாரம் விரிந்து கிடக்கும். நடுநடுவே ஊர்கள். வடகரை, அச்சன்புதூர், நெடுவயல் என்று அடுத்தடுத்து இருக்கும் இந்த ஊர்களில், மேலிருந்து பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது கூரைகள்தான். செம்பழுப்பு ஓடு, சாம்பல் நிற சிமென்ட் ஷீட், வெயிலில் மின்னும் நீலத் தகர ஷீட், பாசி பிடித்துக் கறுத்த காங்கிரீட் தளம், அதன் மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. தாத்தா கட்டிய வீடும் பேரன் கட்டிய வீடும் ஒரே தெருவில் நிற்கின்றன.

தென்காசிக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கும் பேரூராட்சி அச்சன்புதூர். மேக்கரையில் அடவிநயினார் அணை, அங்கிருந்து இறங்கி வரும் அனுமன் நதி, அதை நம்பிய நெல் வயல்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திருமலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோவார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு 'சீசன்' என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஐந்தருவிக் குளியல், பழக்கடைகளில் ரம்புட்டான், மங்குஸ்தான், முகத்தில் வந்து ஒட்டும் சாரல். அடிவாரத்துக் குடும்பங்களுக்கு அதே சாரல் என்றால் காயாத துணி, ஓதம் ஏறிய மேற்குச் சுவர், எங்கிருந்து சொட்டுகிறது என்றே தெரியாத ஓர் ஒழுகல். மூன்று மாதத்தில் சுற்றுலாப் பயணி திரும்பிவிடுவார். கூரைக்கு அதற்குப் பிறகும் ஒரு பெருமழை பாக்கி இருக்கிறது.

எந்த மாதத்தில் ஒழுகியது?

ஒழுகும் வீட்டைப் பார்க்க வரும் கொத்தனார் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பதிலிலேயே பாதி வைத்தியம் இருக்கிறது. ஏனென்றால், இந்த வட்டாரத்துக்கு வரும் மழை ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் கூரையைத் தாக்கும் விதம் வேறு.

ஆனி, ஆடி, ஆவணியில் வருவது தென்மேற்குப் பருவமழை. அதன் பெரும்பங்கை மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் வாங்கிக்கொள்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு கணவாயில் மலைத்தொடர் சற்றே தாழ்கிறது. அந்த இடைவெளியில் புகுந்து வரும் காற்று, குறுகலான சந்துக்குள் நுழைந்த கூட்டம்போல வேகமெடுக்கிறது. சுரண்டை, ஆய்க்குடி பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் இந்தக் காற்றுதான். அது சுமந்து வரும் மிச்ச ஈரமே சாரல். சாரலில் தண்ணீர் குறைவு, ஆனால் அது நேராக விழுவதில்லை. மேற்கிலிருந்து படுத்துக்கொண்டு வருகிறது. ஓட்டின் இடுக்கில், ஷீட் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில், ஆணித் துளையில், ஜன்னல் சன்ஷேடின் அடியில் புகுந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் வருவது வடகிழக்குப் பருவமழை. இது நேராகக் கொட்டும். சில வருடங்களில் மார்கழி பிறந்த பிறகும் விடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அடுத்த வருடம், 2024 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் குற்றாலம் பேரருவியே அடையாளம் தெரியாத அளவுக்கு வெள்ளமாக இறங்கியது.

ஆனியில் ஒழுகி, ஐப்பசிப் பெருமழையில் ஒழுகாத கூரை என்றால், கோளாறு இணைப்பிலும் மேற்குப் பக்கத்திலும் இருக்கிறது. சாரலுக்கெல்லாம் அசையாமல் இருந்துவிட்டு, பெருமழை நின்று நாலைந்து மணி நேரம் கழித்துச் சொட்ட ஆரம்பித்தால், மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் தளம் முழுக்க ஒரு டின் 'வாட்டர் ப்ரூஃப்' பெயின்ட் அடித்துவிட்டு, அடுத்த ஆனியில் மறுபடி பாத்திரம் வைக்கிற வீடுகள் உண்டு.

இந்த இரண்டு மழைக்கும் முன்னால் ஒவ்வோர் இடைவெளி கிடைக்கிறது. ஒன்று சித்திரை, வைகாசி. இன்னொன்று புரட்டாசி. பூச்சு, பெயின்ட், சிமென்ட் எதுவானாலும் காய்ந்த பரப்பில்தான் பிடிக்கும். ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் சில வாரங்களில் கொப்பளம் கொப்பளமாக எழும்பிவிடும். ஒழுகும்போதுதான் கூரை ஞாபகம் வரும், ஒழுகும்போது கூரையில் ஒன்றும் செய்ய முடியாது. சிக்கலே இதுதான்.

ஓடு நல்லாத்தான் இருக்கும்... கட்டைதான் போகும்

மங்களூரில் 1865-ல் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவியவைதான், நம் ஊரில் 'மங்களூர் ஓடு', 'சீமை ஓடு' என்றெல்லாம் சொல்லப்படும் பட்டை ஓடுகள். செங்கோட்டைப் பக்கம் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடும், பிறகு திரு-கொச்சியோடும் இருந்த பகுதி. கொல்லம் - செங்கோட்டை ரயில் 1904-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. கொல்லத்திலும் ஓட்டுத் தொழில் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துச் சாய்வுக் கூரை இந்தப் பக்கமும் இவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருப்பதில் வியப்பில்லை.

நல்லபடியாகச் சுட்ட ஓடு, போட்டவர் காலத்துக்குப் பிறகும் இருக்கும். அதைத் தாங்கும் ரீப்பர் கட்டையும் பனங்கையும்தான் முதலில் போகும். செல்லரித்த ரீப்பர் ஒரு விரற்கடை தாழ்ந்தால் போதும், அதன் மேலுள்ள ஓட்டின் பள்ளம் பக்கத்து ஓட்டின் மேட்டில் சரியாக உட்காராது. அந்த இடைவெளி வழியாகத்தான் சாரல் வருகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது ஓட்டு வரிசையில் எங்காவது பகல் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால், அதுதான் இடம்.

முகட்டு ஓட்டுக்கு அடியில் வைத்த காரை வெயிலில் வெடித்திருக்கிறதா, இரண்டு சாய்வுகள் சேரும் பள்ளத்தில் வேப்பிலையும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று சித்திரையில் ஒருமுறை பார்த்துவிட்டால் பெரும்பாலான வேலை முடிந்தது. மலையடிவாரத்தில் குரங்கு வேறு உண்டு. நாலு குரங்கு ஒரு கூரையில் ஓடிப் பிடித்து விளையாடினால், அன்றைக்குக் கொத்தனாருக்கு வேலை நிச்சயம்!

பழைய வீட்டை இடிக்கிறவர்கள் ஓடுகளை விற்றுவிடுகிறார்கள். ஓட்டு வீட்டில் இருக்கிறவர்கள் அதில் ஒரு ஐம்பதை வாங்கிக் கொல்லையில் அடுக்கிவைப்பது நல்லது. ஆனால், தங்கள் கூரையில் உள்ள அதே முத்திரை உள்ள ஓடாகப் பார்த்து வாங்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி பள்ளமும் மேடும் மாறும். வேறு கம்பெனி ஓட்டைச் செருகினால் அந்த இடம் என்றைக்கும் சேராது.

ஷீட்டுக்கு அடியில் ஆயிரம் பீடி

ஷீட் வீடுகளைப் பற்றிப் பேசும்போது வெறும் வீடு என்று பேச முடியாது. தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றுவது வீடு வீடாக நடக்கும் வேலை. அதில் பெரும்பாலும் பெண்கள். கடையில் நிறுத்துக் கொடுக்கும் இலையையும் தூளையும் வாங்கி வந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலும் நடுவீட்டிலும் உட்கார்ந்து சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. தூள் நமத்தாலோ, சுற்றிய கட்டு நனைந்தாலோ நஷ்டம் அவர்களுடையது. வீடுதான் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலையின் கூரை ஒரு தகர ஷீட்டாகவோ சிமென்ட் ஷீட்டாகவோ இருக்கிறபோது, பங்குனியில் வெக்கையும் ஆனியில் சொட்டுத் தண்ணீரும் நேராகக் கூலியில் இறங்குகின்றன.

முதலில் காற்று. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சுமார் 12 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கொடுக்கும். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. அதாவது 100 கி.மீ.யில் கிட்டத்தட்ட 48 கிலோ. அரை மில்லிமீட்டர் தகர ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு நாலு கிலோ சொச்சம்தான். ஆக, கூரையைப் பிடித்துவைத்திருப்பது அதன் எடை அல்ல, போல்ட்டுகள். ஓரங்களிலும் மூலைகளிலும்தான் காற்று அதிகம் தூக்கும். அங்கே ஒரு போல்ட் தளர்ந்தால் ஷீட் படபடக்கும். படபடப்பில் துளை பெரிதாகும். அப்புறம் ஒரு நாள் ராத்திரி ஷீட் பக்கத்து வயலில் கிடக்கும். மேலே கல்லையும் பழைய டயரையும் வைத்துச் சமாளிப்பது பல ஊர்களில் பார்க்கக்கூடியது. காற்று ஷீட்டைத் தூக்கினால் அந்தக் கல்லும் சேர்ந்துதான் இறங்கும், யார் தலையில் என்பதுதான் கேள்வி.

ரப்பர் வாஷர்கள் வெயிலில் வெடித்துவிடும். வைகாசியில் ஓரப் போல்ட்டுகளை இறுக்கி, வெடித்த வாஷர்களை மாற்றுவது அரை நாள் வேலை. புதிதாக ஷீட் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்று மேற்கிலிருந்து வருகிற ஊரில் ஷீட் அடுக்குவதைக் கிழக்கு ஓரத்திலிருந்து தொடங்கி மேற்கே போக வேண்டும். அப்போதுதான் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தின் வாய் கிழக்கே பார்த்திருக்கும், சாரல் அதற்குள் புகாது. வேலை முடிந்த பிறகு இதைத் திருத்த முடியாது. முதல் ஷீட் வைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து வெக்கை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. தெலங்கானாவில் 2023-லிருந்தே குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கை இருக்கிறது. அங்கே சொல்லப்படுவதன் அடிப்படை ரொம்ப எளிது. வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பும். சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து, மாசி கடைசியில் கூரைக்கு இரண்டு கை அடித்தால் உள்ளே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியும். சாரல் வந்ததும் அது கரையும், பாசியும் பிடிக்கும். அதனால் இந்த ஊரில் அது வருடா வருடம் செய்ய வேண்டிய வேலை. கூல் ரூஃப் பெயின்ட் கூடுதல் காலம் தாங்கும், செலவும் கூடுதல். ஷீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்புகிறவர்கள் ஆனி பிறக்கும் முன் அதை இறக்கிவிட வேண்டும். நனைந்த கீற்றுக்குள் தேளும் பூரானும் குடிவந்துவிடும்.

சிமென்ட் ஷீட்டில் இரண்டு எச்சரிக்கைகள். பழைய ஷீட்டுகளில் பெரும்பாலானவற்றில் கல்நார் இருக்கிறது. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய்வரை கொண்டுபோகும். காய்ந்த பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, ரம்பத்தால் அறுப்பது இரண்டும் கூடாது. நனைத்து மெதுவாகத் துடைக்கலாம். இன்னொன்று, அந்த ஷீட் மனிதரின் எடையைத் தாங்காது. ஏறியே ஆக வேண்டுமென்றால் போல்ட் வரிசையின் குறுக்காகப் பலகை போட்டு அதன் மேல்தான் நகர வேண்டும். மழை நாளில், பாசி பிடித்த கூரையில், 'ஒரு நிமிஷ வேலைதானே' என்று ஏறவே கூடாது. ஒரு ராத்திரிக்கு அடியில் அண்டா வைத்துக்கொள்ளலாம்.

தட்டட்டியில் தேங்கும் நாலரை டன்

மொட்டை மாடியை நெல்லைச் சீமையில் 'தட்டட்டி' என்பார்கள். வத்தல் காயப்போட, கோடையில் படுத்துறங்க, பிள்ளைகள் பட்டம் விட என்று வீட்டிலேயே அதிகம் புழங்கும் இடம். ஆனால் அதன் தூம்பைக் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு.

ஆயிரம் சதுர அடித் தளத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 9,300 லிட்டர். தூம்பு அடைத்து, வெறும் 5 செ.மீ. உயரத்துக்குத் தேங்கினாலே தளத்தின் மேல் நாலரை டன்னுக்கு மேல் எடை. அதை உடனே தாங்கும். ஆனால் தேங்கிய தண்ணீர் விரிசலைத் தேடும். அடைப்பதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் கவரும் இரண்டு கை வேப்பிலையும் போதும்.

விரிசலுக்கு வெயில்தான் காரணம். பத்து மீட்டர் நீளமுள்ள காங்கிரீட், வெப்பம் 30 டிகிரி ஏறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், ஆறினால் சுருங்கும். சித்திரை மதியத்தில் கொதித்துக் கிடக்கும் தளத்தில் திடீரென்று கோடை மழை கொட்டும் நாளை நினைத்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான் முதலில் வாய் பிளக்கும். இதற்காகத்தான் அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுருக்கி போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். அது தண்ணீருக்கு வாட்டம் கொடுக்கும், தளத்துக்கு வெயிலிலிருந்து குடையாகவும் இருக்கும். செலவைக் குறைக்க அதை விட்டுவிட்ட வீடுகளில்தான் முதல் ஐந்தாறு வருடத்தில் ஒழுகல் புகார் அதிகம் வரும்.

உள்ளே சொட்டுகிற இடமும் மேலே விரிசல் இருக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் கரன்ட் பைப்புக்குள் இறங்கி, ஃபேன் கொக்கி வழியாக வெளியே வரும். எனவே, புரட்டாசியில் ஒருநாள் தூம்பை அடைத்து, சிமென்டால் சின்னச் சின்னப் பாத்தி கட்டி, ஒவ்வொரு பகுதியிலும் ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திப் பார்ப்பது உத்தமம். எந்தப் பாத்தி இறங்குகிறதோ அங்கே மட்டும் விரிசலை வெட்டி அடைக்கலாம். இதைச் செய்யாமல் கீழே ஓதம் பட்ட இடத்தில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது, நோயை மறைத்துப் பவுடர் பூசுகிற வேலை. உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். ஊதி, ஒருநாள் காரையைக் கட்டிலின் மேல் தள்ளிவிடும்.

புதுப் பிரச்னை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூரிய வீடு திட்டம் வந்த பிறகு வீட்டு மாடியில் சோலார் பேனல் வைக்கும் ஆர்வம் கூடியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அதன் கால்களைத் தளத்தில் துளையிட்டு மாட்டினால், ஒவ்வொரு போல்ட்டும் ஓர் ஒழுகல் வாசல். தளத்தின் மேல் தனியாகக் காங்கிரீட் கட்டை போட்டு அதில் மாட்டச் சொல்லலாம். காற்று இழுக்கும் ஊர் என்பதால் கட்டையின் எடையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

தூம்பு சுத்தமாக இருந்தால் இன்னொரு லாபம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயம். அட்லான்டிக் கடலில் இருக்கும் பெர்முடா தீவில் ஆறும் இல்லை, ஏரித் தண்ணீரும் இல்லை. அடிக்கடி சூறாவளி அடிக்கும் அந்தத் தீவில், சுண்ணாம்புக்கல் கூரைகளை வெள்ளையடித்துப் படிப்படியாக அமைத்து, விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறார்கள். குடிக்கிற தண்ணீர் என்பதால் கூரையைக் கழுவாமல் விட மாட்டார்கள். அணையும் ஆறும் பக்கத்திலேயே இருப்பதால் நமக்கு அந்தப் பயம் வருவதில்லை.

சாவி யாரிடம்?

தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் வாசலில் மேற்கிலிருந்து வரும் காற்று ஆளைத் தள்ளும். 15-ம் நூற்றாண்டில் அதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் கோயிலில் குறை ஏற்பட்டால் அதைச் செப்பனிடுகிறவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டிலேயே எழுதிவைத்திருக்கிறான். கட்டும்போதே ரிப்பேரைப் பற்றி யோசித்த ராஜா! அவன் பயந்தது நடந்தது. கோபுரம் சிதைந்து பல தலைமுறைகள் அப்படியே நின்றது. ஒன்பது நிலைக் கோபுரமாக மறுபடி எழும்பிக் குடமுழுக்குக் கண்டது 1990-ல்தான்.

அச்சன்புதூர், வடகரை, கடையநல்லூர் பக்கம் இருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் நிறைய. அங்கே சம்பாதித்த பணத்தில் எழும்பிய மாடி வீடுகள் பலவற்றில் வருடத்தில் பாதி நாள் பூட்டு தொங்குகிறது. அல்லது, மாடிப்படி ஏற முடியாத வயதில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். கூரையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், மேலே போய்ப் பார்க்க ஆள் இல்லை. துபாயில் இருக்கிற மகனுக்கு ஒழுகல் செய்தி போய்ச் சேரும்போது சீலிங்கில் கறை ஒரு பாய் அகலத்துக்குப் படர்ந்திருக்கும்.

பெயின்டுக்கும் டைல்ஸுக்கும் செலவழிக்கிற பணத்தில் ஒரு சின்னத் தொகையை, வைகாசியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை மாடி ஏறிப் பார்க்கிற ஆளுக்கென்று ஒதுக்கலாம். பக்கத்து வீட்டுத் தம்பியாக இருந்தாலும் சரி, தெருக் கொத்தனாராக இருந்தாலும் சரி, சாவி ஒருவரிடம் இருக்க வேண்டும். இலையைக் கூட்டி, தூம்பைக் குத்திவிட்டு, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். சுத்தமான தூம்பைக் காட்டினால் மட்டும் போதாது. தளத்தின் கடைசி மூலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்ல வேண்டும். அது தேங்காமல் ஓடிவந்து குழாயில் இறங்கும் சத்தம்வரை வீடியோ ஓடட்டும்.